சூரைப்புதரின் வெளிப்பக்கம்

வடிவம்மையின் மடத்தில் அவரைப் பந்தலுக்குக் கால் கிடைக்கவில்லை என்ற பேச்சே கிடையாது. மடம் இருப்பது இரண்டு பாளையங்களின் எல்லையில். கொற்றங்குடிப் படை வரும். கீரைப் பாத்தியின் நடுவில் ஒரு கொடிக்கம்பத்தை நட்டு, இந்த இடம் இனிமேல் எங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போகும். கொஞ்ச நாளில் அத்திப்பாறைப் படை வந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் கம்பத்தை நடும். ஏற்கெனவே தோண்டிய குழி இருக்கிறதே, அதிலேயே நட்டுத் தொலைக்கலாம். அதுகூட இரண்டு தரப்புக்கும் கௌரவக் குறைச்சல். புதிதாக இன்னொரு குழி தோண்டுவார்கள், அதுவும் கீரையின் மேலேயே.

பிடுங்கி எறிந்த கம்பங்களை அம்மை பொறுக்கி வைத்துக்கொள்வாள். எல்லாம் நல்ல முற்றின மூங்கில்.

"இந்த நிலம் யாருக்குச் சொந்தம்?" என்று ஒருமுறை ஒரு படைத்தலைவன் குதிரையிலிருந்து இறங்காமலே கேட்டானாம்.

"இன்னைக்கு யாரு தண்ணி ஊத்துதாங்களோ அவங்களுக்கு" என்று சொல்லி, கையில் இருந்த குடத்தை அம்மை அவனிடம் நீட்டினாள். அவன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அம்மைக்கு வயது நாற்பதுதான் இருக்கும். சீடர்கள் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். எல்லோரிலும் மூத்தவர் மகிழ்வண்ணம் பிள்ளை. அவர் கொற்றங்குடிப் பாளையத்தின் பிரதானி. பாளையக்காரரை ஊரில் மகாராஜா என்றுதான் சொல்வார்கள். ஒரு முழு நாள் நடந்தால் கடந்துவிடக்கூடிய ராஜ்ஜியம், இருந்தாலும் மகாராஜா. அந்த மகாராஜாவுக்கு அடுத்தபடி எல்லாம் பிரதானிதான்.

மனைவி இறந்த துக்கத்தில் ஒரு நாள் வழிதவறின ஆள்போல மடத்துக்கு வந்தவர் அவர். அம்மை கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, தன்னைச் சீடனாக ஏற்க வேண்டும் என்று கேட்டார்.

"ஏத்துக்கிடுதேன்" என்றாள் அம்மை. "கேட்டா பதில் சொல்லுவேன். பதில் பிடிக்கலைன்னா கோவிச்சுக்கிடப்படாது."

அன்றிலிருந்து அவர் கோபித்துக்கொண்டேதான் இருக்கிறார். ஆனால் வராமல் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை அவர் பல்லக்கு இல்லாமல் நடந்து வந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. அம்மை பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தாள்.

"வாரும் பிரதானி. இந்தக் கம்பத்தைக் கொஞ்சம் பிடியும்."

பிடித்தார். அது அவருடைய பாளையத்துக் கொடிக்கம்பம். உச்சியில் மஞ்சள் துணி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயே, ஒரு கேள்வி."

"கேளும்."

"இந்தப் போருக்குக் காரணம் என்ன?"

அம்மை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த வாழைநார் அறுந்தது.

"போரை நடத்துறது நீரு. காரணத்தை என்கிட்ட வந்து கேக்கீரா?"

"நான் கேக்கலை தாயே. என் மகன் கேக்கான்."

அம்மை நாரைக் கீழே போட்டாள்.

மறுநாள் காலை கொற்றங்குடியிலிருந்து படை கிளம்புவதாக இருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, படையை நடத்திப் போகிறவன் பிரதானியின் கையில் இருக்கும் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துவிட்டால் பிறகு பின்வாங்கக் கூடாது. போன ஐப்பசியில் பிரதானியின் மூத்த மகன் உலகநாதன் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனான். அவனுடைய குதிரை மட்டும் தானாக வீடு வந்து சேர்ந்தது. நாளைக்கு இளையவன் குற்றாலிங்கத்தின் முறை. இவனையும் விட்டால் அந்த வீட்டில் பிரதானியைத் தவிர ஆள் இல்லை.

"போக மாட்டேன்னு அவன் சொல்லலை தாயே. போறேங்கான். 'எதுக்குப் போறேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்கப்பா. அண்ணன்கிட்ட நீங்களும் சொல்லலை, அவனும் கேக்கலை. நான் கேட்டுட்டுப் போறேன்'ங்கான்."

"நீரு என்ன சொன்னீரு?"

"மானம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அது எங்கன இருக்கு, நான் போயி எடுத்துட்டு வரணுமா, இல்லை அங்கனயே காவல் நிக்கணுமான்னு கேக்கான்."

"பையன் தேவலையே" என்றாள் அம்மை.

"சிரிக்காதீங்க தாயே. எனக்கு நேத்து முழுக்கத் தூக்கம் இல்லை."

"போன ஐப்பசியிலேயே போயிருக்கணும் அந்தத் தூக்கம்."

பிரதானி கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மை அதைப் பார்த்தாள். கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி. உக்காரும். உமக்குத் தெரிஞ்ச காரணத்தை நீரே சொல்லும். சரியா தப்பான்னு நான் சொல்லுதேன்."

அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். சபையில் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"நம்ம தூதனோட மீசையை அத்திப்பாறைக்காரன் ஒரு பக்கம் மட்டும் வழிச்சு அனுப்பினான். எந்தப் பாளையம் அதைப் பொறுத்துக்கிடும்?"

"எதுக்கு வழிச்சான்?"

"தூதன் கொண்டுபோன சேதி அவனுக்குப் பிடிக்கலை."

"என்ன சேதி?"

"பிடிச்சு வச்சிருக்க எங்க மாட்டை அவுத்து விடு. இல்லைன்னா வந்து உன் மீசையை வழிச்சிருவோம்னு."

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சேதியை எழுதிக் கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"நீரு சொன்ன யோசனையைத்தானே அவன் செஞ்சிருக்கான்? சரி, மேல போவும்."

"மாட்டைப் பிடிச்சது அவங்கதானே தாயே!"

"எதுக்குப் பிடிச்சாங்க?"

"அவங்க எள்ளுக்காட்டுல மேஞ்சிச்சாம்."

"மேஞ்சிச்சா?"

"எள்ளுக்காட்டுலதான் மேஞ்சிச்சு. ஆனா எள்ளுதான் அவங்களது. நிலம் நம்மது. அதுக்கு முந்தின பங்குனியில எல்லை கட்டினப்ப, சோறு அந்தக் காட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்திருச்சு."

இந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் யாருக்கும் விளங்காது.

திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால், அம்மன் கோயில் பூசாரி கையில் காப்புக் கட்டிக்கொண்டு, மஞ்சளும் குங்குமமும் பிசைந்த சோற்றுப் பானையோடு பாளையத்தின் எல்லையைச் சுற்றி வருவார். முன்னால் கொட்டு போகும். பாளையத்தின் சார்பில் பிரதானி கூடவே நடப்பார். எல்லைக்கல் வருகிற இடத்தில் எல்லாம் பூசாரி நின்று, ஒரு உருண்டை சோற்றை வெளியே வீசுவார். சோறு விழுந்த இடம் வரைக்கும் அம்மன் காவல். இதற்குத்தான் எல்லை கட்டுதல் என்று பெயர். அத்திப்பாறையிலும் இதேதான். அதே அம்மன், அதே மஞ்சள் சோறு, மாதம் மட்டும் வேறு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஜனங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கல். அந்தக் கல்லின் அடியில் என்றைக்கோ ஒரு சூரைச்செடி முளைத்தது.

"சோறு ஏன் எள்ளுக்காட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு?" என்று கேட்டாள் அம்மை.

"தடம் அந்த வழியாப் போச்சு."

"தடம் தானா எந்திரிச்சு நடந்து போச்சா?"

"சூரைப்புதர் இருக்குல்ல தாயே. நேரா எப்படிப் போக? சுத்தித்தான் போகணும்."

"எந்தப் பக்கமாச் சுத்தினீரு?"

பிரதானி மேல்துண்டின் சரிகையைத் தடவினார்.

"வெளிப்பக்கமா."

"உள்பக்கமாச் சுத்தியிருக்கலாமே."

"உள்பக்கமாச் சுத்தினா புதர் அவங்க பக்கம் போயிருமே!"

"புதர் உமக்கு வேணுமா?"

"வேண்டாம்."

"எதுக்காவது ஆகுமா?"

"அடுப்பெரிக்கக்கூட எவனும் எடுக்க மாட்டான்."

"பெறவு?"

"அவங்களுக்குப் போகக் கூடாதுல்ல."

அம்மை நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு காக்கை வந்து கொடிக்கம்பத்தின் மேல் உட்கார்ந்தது. அதைக்கூட விரட்டத் தோன்றாமல் பிரதானி தொடர்ந்தார்.

"நாங்க மட்டுமா தாயே? ஆடி மாசம் அவங்க எல்லை கட்டும்போது அவங்களும் வெளிப்பக்கமாத்தான் சுத்துதாங்க. அவங்களுக்கு வெளிப்பக்கம்னா நம்ம கொள்ளுக்காடு. போன வருஷத் தடம்தான் இந்த வருஷ எல்லைன்னு வழக்கம் ஆகிப்போச்சு. அதுக்குள்ள புதர் அந்தத் தடத்தையும் மூடிரும். மறுபடி சுத்தணும்."

"மறுபடி வெளிப்பக்கமா."

"வேற எப்படி?"

"ஒரு வருஷமாவது, ஒருத்தராவது, அந்தச் செடியை வெட்டலாம்னு நினைக்கலையா?"

இந்தக் கேள்விக்குப் பிரதானியிடம் தயாராகப் பதில் இருந்தது.

"காப்புக் கட்டினவங்க இரும்பைத் தொடக் கூடாது தாயே. உடம்புல ரத்தமும் வரக் கூடாது. வந்தா திருவிழாவே நின்னு போகும். எல்லை கட்டப் போற எங்க எல்லாருக்கும் அன்னைக்குக் காப்பு உண்டு."

"காப்புக் கட்டாத நாள்ல?"

"காப்புக் கட்டாத நாள்ல அங்கன யாருக்கு என்ன வேலை?"

அவர் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார். அப்பாவும் அதற்கு முந்தின பிரதானிகளும் சொல்லிவந்த பதில்தான். அத்திப்பாறைப் பிரதானியிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். இரண்டு பாளையத்திலும் புத்திசாலிகளுக்குக் குறைவில்லை என்பதுதான் இதில் ஆத்திரப்பட வைக்கும் சங்கதி.

"சரி, சண்டைன்னு வந்துருச்சு" என்றாள் அம்மை. "இத்தனை வருஷமாப் போட்டீங்க. அந்தப் புதரையாவது பிடிச்சீங்களா?"

"புதரையா? அங்கன என்ன இருக்கு தாயே? சண்டை அந்தப் பக்கமே போகலையே."

"எங்க போச்சு?"

பிரதானிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். முதலில் கொற்றங்குடிப் படை தெற்கே போய் அத்திப்பாறையின் பெரிய குளத்தைப் பிடித்தது. குளம் போனாலும் தண்ணீர் கொற்றங்குடிக்குக் கிடைக்கக் கூடாது என்று அத்திப்பாறைக்காரர்கள் கரையை உடைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். தண்ணீர் ஓடிவந்து கொற்றங்குடி வயல்களைத்தான் அடித்துக்கொண்டு போனது. அந்த ஆத்திரத்தில் இவர்கள் அங்கே மூன்று ஊரைப் பிடித்தார்கள். இவர்கள் அங்கே இருந்த சமயம் பார்த்து, அவர்கள் வடக்கே வந்து இங்கே மூன்று ஊரைப் பிடித்தார்கள். இப்போது அந்த ஊர் ஜனங்கள் இங்கே வரி கொடுக்கிறார்கள். இந்த ஊர் ஜனங்கள் அங்கே வரி கொடுக்கிறார்கள். குளத்தில் இரண்டு பேருக்கும் தண்ணீர் இல்லை.

"அவங்க ஊரு உங்ககிட்ட. உங்க ஊரு அவங்ககிட்ட."

"ஆமா."

"திருப்பி மாத்திக்கிட்டா?"

"நாங்களா முதல்ல விட்டா தோத்த மாதிரி ஆயிரும் தாயே."

"அவங்க முதல்ல விட்டா?"

"பயந்துட்டாங்கன்னு அர்த்தம்! அந்தச் சமயத்துல விடாம அடிச்சா இன்னும் நாலு ஊரை..."

சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தரையில் போட்ட கோடுகளைப் பார்த்தார். தெற்குக் கோட்டின் முடிவில்தான் உலகநாதன் விழுந்தான். அந்த இடத்தில் அவருடைய விரல் தானாக நின்றிருந்தது.

"தாயே, நான் பாவி" என்றார்.

"அது இருக்கட்டும். எந்திரியும்."

அம்மை உள்ளே போய் ஒரு வெட்டரிவாளும் ஒரு கவைக்கம்பும் எடுத்து வந்தாள். வேலிக்கு முள் வெட்டுகிறவர்கள் வைத்திருப்பது அது. நுனி இரண்டாகப் பிரிந்த நீளக் கம்பு. முள்ளை அதில் மாட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடியில் வெட்டுவார்கள்.

"எங்க தாயே?"

"காரணத்தைப் பாக்கணும்னு வந்தீருல்ல? வாரும், காட்டுதேன்."

மடத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம்தான். வழியில் கொள்ளுக்காடு என்று சொல்லப்பட்ட இடத்தில் கொள்ளு இல்லை, எருக்குதான் இருந்தது. புதருக்கு அந்தப் பக்கம் எள்ளுக்காடு. அங்கும் எருக்கு. இரண்டு எருக்கிலும் ஒரே மாதிரி பூ. காவல்காரன் ஒருவன்கூட இல்லை. இத்தனை பேர் எதற்காகச் செத்தார்களோ அந்த இடத்தில் ஒரு ஆடு மட்டும் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அது யாருடைய ஆடு என்று பிரதானி கூர்ந்து பார்த்தார். பழக்கதோஷம்.

சூரைப்புதர் கோயில் தேர் அளவுக்கு இருந்தது. சூரைமுள்ளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளைந்த முள். உள்ளே போகும்போது சும்மா இருக்கும், கையை வெளியே இழுக்கும்போது பிடித்துக்கொள்ளும். புதர் முழுக்கக் கறுப்பு கறுப்பாகச் சின்னப் பழங்கள். குருவிகள் எந்தப் பயமும் இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தன.

"கல்லு உள்ளே இருக்குமா?" என்று கேட்டாள் அம்மை.

"இருக்கும். எங்க போகும்?"

"நீரு பாத்திருக்கீரா?"

"சின்ன வயசுல பாத்திருக்கேன் தாயே. எங்க அப்பா எல்லை கட்ட வரும்போது என்னையும் கூட்டிட்டு வருவாரு. இடுப்பு உயரம் இருக்கும். மேல சூலம் செதுக்கியிருக்கும். அப்போ இந்தச் செடி முழங்கால் அளவுதான்."

"உங்க அப்பா என்ன செஞ்சாரு?"

"சுத்திப் போனாரு. முள்ளு குத்தும்னு என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு."

சொல்லும்போது அவர் முகம் ஒரு நொடி பிள்ளை முகமாக இருந்தது. எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார் என்று அம்மை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அம்மை அரிவாளையும் கவைக்கம்பையும் நீட்டினாள்.

"இந்தாரும். வெட்டும்."

"நானா?"

"உம்ம கையில காப்பு இல்லை. இன்னைக்குத் திருவிழாவும் இல்லை."

"தாயே, நான் வேணும்னா நாளைக்கே நூறு ஆளை அனுப்பி..."

"நாளைக்கு உம்ம ஆளுங்களுக்கு வேற வேலை வச்சிருக்கீரு."

அவர் அரிவாளை வாங்கவில்லை. வாங்காமல் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்.

"பக்கத்துலதானே இருக்கீங்க. நீங்களே வெட்டியிருக்கலாமே தாயே?"

"வெட்டியிருக்கலாம். நான் வெட்டிக் கல்லைக் காட்டினா, மடத்துக்காரி நேத்துக் கொண்டாந்து நட்ட கல்லுன்னு ரெண்டு பேரும் சொல்லுவீங்க. இதைச் சுத்தி நடந்தவரு நீரு. உம்ம கையால வெட்டி, இதுதான் எங்க அப்பா காட்டின கல்லுன்னு நீரு ஒரு வார்த்தை சொல்லும். சாயங்காலத்துக்குள்ள உங்க மகாராஜாவையும் அவங்க மகாராஜாவையும் நான் இங்க கொண்டுவந்து நிறுத்துதேன். ரெண்டு பேரும் என் கஞ்சியைக் குடிச்சவங்கதான்."

"கல்லைப் பாத்தா படை நின்னுருமா?"

"நிக்கும்னு நான் சொல்லலை. நிக்கலாம். கேக்க ஆசையா இருக்குல்ல?"

ஆசையாகத்தான் இருந்தது. பிரதானியின் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு வெற்றிலைத் தட்டை எடுக்க வேண்டாம். குற்றாலிங்கம் வீட்டில் இருப்பான். அவனுக்கு ஒரு கல்யாணம் செய்து பார்க்கலாம். அவர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அரிவாளை வாங்கினார்.

கவைக்கம்பை ஒரு கிளையில் மாட்டித் தள்ளினார். அடியில் இடம் தெரிந்தது. கையை உள்ளே விட்டு ஒரு வெட்டு வெட்டினார். வெட்டு சரியாக விழவில்லை. கிளை கவையிலிருந்து நழுவி, சடாரென்று திரும்பி வந்து அவர் முன்கையில் விழுந்தது. கையை வெடுக்கென்று இழுத்தார். இழுக்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் இழுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அங்கவஸ்திரத்தின் சரிகை ஒரு முழம் கிழிந்து முள்ளிலேயே தொங்கியது.

"ஸ்... அப்பா!"

அரிவாள் கீழே விழுந்தது.

"முள்ளு குத்துது தாயே" என்றார்.

அம்மை கீழே கிடந்த அரிவாளைப் பார்த்தாள்.

"இது நமக்குப் பழக்கமான வேலை இல்லை. பழகின ஆளுதான் செய்யணும். கையெல்லாம் கிழிச்சிரும்போல இருக்கே. பாருங்க, எவ்வளவு ரத்தம்."

உண்மையில் அவ்வளவு ஒன்றும் இல்லை. கோட்டின் முனையில் இரண்டு சொட்டு.

"கோடை மாசத்துல சுலபமா வெட்டலாம்னு சொல்லுவாங்க" என்றார் அவர். "சித்திரையில செடி காயும். அப்போ தீ வச்சாக்கூடப் போதும். இல்லைன்னா அவங்க பிரதானிக்கு ஒரு சேதி அனுப்பி, அவங்க பக்கத்தை அவங்களும் நம்ம பக்கத்தை நாமளும்னு ஒரே நாள்ல... ஆனா முதல்ல யாரு வெட்ட ஆரம்பிக்கிறதுன்னு ஒரு பேச்சு வரும். அதை முதல்ல பேசி முடிக்கணும்."

பேசிக்கொண்டே போனார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு இன்னொரு அடி. தன்னை அறியாமலே புதரைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். எள்ளுக்காட்டுப் பக்கமாக.

அம்மை நின்ற இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எரிச்சல் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

தூரத்தில் கொற்றங்குடிக் கோட்டையில் முரசு சத்தம் கேட்டது. நாளைக்குப் போகிறவர்களை வரச்சொல்லி அடிக்கும் முரசு. பிரதானி சட்டென்று நின்றார். வேலை ஞாபகம் வந்துவிட்டது. குதிரைகளுக்குக் கொள்ளு எடுத்துக் கொடுக்க வேண்டும், சாவி அவரிடம் இருந்தது. வேகமாகத் திரும்பி வந்து அம்மையின் முன்னால் நின்றார்.

"நான் போகணும் தாயே. ஆனா வந்த காரியம் அப்படியே நிக்குதே. நாளைக்குக் காலையில என் பிள்ளை வெற்றிலைத் தட்டுக்கு முன்னால வந்து நிப்பான். எதுக்குப் போறேன்னு கேப்பான். நான் அவனுக்கு என்ன காரணம் சொல்ல?"

கேட்கிறவர் பிரதானி இல்லை, தகப்பன்.

அம்மை அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கோட்டின் முனையில் முள் ஒடிந்து உள்ளேயே நின்றிருந்தது. நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தாள். அவர் முகத்தைச் சுளித்தார். முந்தானையால் அந்த இரண்டு சொட்டு ரத்தத்தையும் துடைத்துவிட்டு, கையை விட்டாள்.

"முள்ளு குத்துதுன்னு கொஞ்சம் முந்தி என்கிட்ட சொன்னீரே பிரதானி. அதையே அவன்கிட்டயும் சொல்லும்."